கிரயமா, ஒத்தியா, வாடகையா? நாவலின் உரிமையைக் கொடுக்கும் முன்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியிலிருந்து டீச்சர் வந்திருந்தார். முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போன மூன்று பெண்களைப் பற்றி ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறார். தட்டச்சில் 312 பக்கம். மஞ்சள் பையிலிருந்து மூன்று ஒப்பந்த வரைவுகளை எடுத்து மேஜையில் பரப்பினார். "எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க. எனக்குத் துகை மட்டும்தான் புரியுது" என்றார்.

முதல் வரைவில் 40,000 ரூபாய், ஒரே தடவை. இரண்டாவதில் முன்பணம் கிடையாது, 10 சதவீத ராயல்டி, அதாவது விற்கும் பிரதிகளில் ஒரு பங்கு. மூன்றாவதில் டீச்சர்தான் 55,000 ரூபாய் கட்ட வேண்டும்; பெயர் "இணைப்பதிப்பு". இது எதுவும் வேண்டாம், நாமே அச்சடிக்கலாம் என்பது நான்காவது வழி. அதற்குத் தாள் இல்லை, டீச்சரின் மகன் தொலைபேசியில் சொன்னது.

துகையை வைத்துப் பார்த்தால் முதலாவது ஜெயிக்கும், மூன்றாவது தோற்கும். ஆனால் இந்த நான்கும் ஒரே பொருளுக்கான நான்கு விலைகள் இல்லை. ஒருவர் வீட்டைக் கிரயம் கேட்கிறார், ஒருவர் வாடகைக்குக் கேட்கிறார், இன்னொருவர் நம்மிடமே பணம் வாங்கிக்கொண்டு குடிவரப் பார்க்கிறார். எந்த வீட்டுக்காரரும் இவற்றைத் துகையை மட்டும் வைத்து ஒப்பிட மாட்டார். எழுத்துக்கு மட்டும் அப்படிச் செய்துவிடுகிறோம். நானும் செய்தவன்தான்.

2009இல் என் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். "இந்நூலின் சகல உரிமைகளையும் பதிப்பகத்துக்கு அளிக்கிறேன்" என்று ஒரே வரி. எத்தனை வருஷம், எந்த நாடு, எந்த வடிவம் என்று ஒன்றும் இல்லை. பத்து வருஷம் கழித்து ஒருவர் அதில் ஒரு கதையை ஒலிநூலாக்கக் கேட்டபோது, "அது என்னிடம் இல்லையே, எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் ஒரு வக்கீல் நண்பர் சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19: உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும். எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும். அதாவது 2014லேயே என் கதைகள் என்னிடம் திரும்பி வந்துவிட்டன. தெரியாமல் ஐந்து வருஷம் வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு எதை எழுதவில்லை என்பதையும் தேடிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு

தமிழில் 'பதிப்புரிமை' என்ற சொல்லே ஒரு கண்ணி. படைப்பின் மீதான முழு உடைமைக்கும் அதைத்தான் சொல்கிறோம். புத்தகமாகப் பதிப்பிக்கும் உரிமைக்கும் பேச்சில் அதையே சொல்கிறோம். முதல் வரைவில் "இந்நூலின் பதிப்புரிமை பதிப்பகத்தைச் சார்ந்தது" என்று ஒரு வரி இருந்தது. டீச்சர் அதை "புத்தகம் போடுற உரிமை அவங்களுக்கு" என்று படித்திருந்தார். நீதிமன்றத்தில் அது காப்பிரைட் மொத்தமும் அவர்களுக்கு என்று படிக்கப்படலாம். 'காப்புரிமை' என்று மாற்றினாலும் சிக்கல் தீராது, பத்திரிகைகள் பேடன்டுக்கும் அந்தச் சொல்லைத்தான் போடுகின்றன. தமிழில் ஒப்பந்தம் எழுதுவதாக இருந்தால் "காப்பிரைட் ஆசிரியரிடமே இருக்கும், அச்சுப் புத்தகமாக வெளியிடும் உரிமம் மட்டும் பதிப்பகத்துக்கு" என்று விரித்து எழுதிவிடுவது நல்லது. அழகாக இல்லாவிட்டால் போகிறது.

காப்பிரைட் என்பது ஒற்றைப் பொருளும் கிடையாது. அச்சு, மின்னூல், ஒலி, மொழிபெயர்ப்பு, நாடகம், சினிமா என்று ஒரு கட்டாக வருவது. கட்டைப் பிரித்து வேறு வேறு ஆட்களிடம் கொடுக்கலாம். நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பாரதியின் பாடல்களை ஒலியில் பயன்படுத்தும் உரிமை ஒரு கட்டத்தில் ஏவி. மெய்யப்பன் கையில் இருந்தது. நூல் உரிமை வேறு இடத்தில். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளைப் பொதுவுக்குக் கொண்டுவர முயன்றபோது இரண்டையும் தனித்தனியாகத்தான் பெற வேண்டியிருந்தது. மெய்யப்பன் தன் பங்கை விலை வாங்காமல் விட்டுக்கொடுத்தார்.

காப்பிரைட் பிறப்பதற்கு எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எழுதி முடித்த அன்றே டீச்சருடையது. 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் தகராறு வரும்போது ஆதாரமாக உதவும், அவ்வளவுதான். கையெழுத்துப் பிரதியைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் பரணில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தபால் துறைக்கு வருமானம்.

40,000 ரூபாய்க் கிரயம்

முதல் வரைவைத் தயாரித்தவருக்குப் பிரிவு 19 நன்றாகத் தெரியும். என் 2009 கடிதத்தில் இருந்த ஓட்டைகள் எதுவும் இதில் இல்லை. "காப்பிரைட்டின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், தற்போதுள்ள மற்றும் இனி உருவாகும் எல்லா ஊடகங்களுக்கும்" என்று ஒரே மூச்சில் ஓடுகிறது.

முழுக் காலம் என்பது எவ்வளவு? ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 வருஷம். முன்பு 50 ஆக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் பொதுவுக்கு வரும் தருணத்தில் 1992இல் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். டீச்சருக்கு இப்போது 61 வயது. நூறாண்டு வாழட்டும், அப்படி வாழ்ந்தால் இந்த நாவல் இன்னும் 99 வருஷம் அந்தப் பதிப்பகத்திடமோ அதை வாங்கும் வேறொருவரிடமோ இருக்கும். பேரப்பிள்ளைகள் காலத்தில் யாராவது அதைத் தொடராக எடுத்தால் இவர்களுக்கு அழைப்பிதழ்கூட வராது.

"இனி உருவாகும் எல்லா ஊடகங்களுக்கும்" என்ற வால் கொஞ்சம் வெட்டுப்படும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத அல்லது வணிகப் பயன்பாட்டில் வராத ஒரு வடிவம், பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தால் ஒழிய, அந்த உரிமை மாற்றத்தில் அடங்காது. மொத்தமாக ஒரு வலையை வீசி எதிர்காலத்தைப் பிடிக்க முடியாது என்பது சட்டத்தின் எண்ணம். ஆனால் மின்னூலும் ஒலிநூலும் இன்றைக்கே இருப்பவை. அவை நிச்சயம் போய்விடும்.

கிரயம் கொடுத்தாலும் போகாத ஒன்று உண்டு. பிரிவு 57 தருவது. எழுதியவர் நான்தான் என்று சொல்லும் உரிமையும், என் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் உரிமை மாற்றத்துக்குப் பிறகும் படைப்பாளியிடமே நிற்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் செகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், அது சிதைந்தது. சிற்பம் அரசின் சொத்துதான். இருந்தும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சிய பாகங்களை அவரிடம் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. ஆறுதலான தீர்ப்பு. ஆனால் இடையில் ஓடிய வருஷங்களையும் எண்ணிப் பாருங்கள்.

அப்படியென்றால் கிரயமே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதிக் கொடுப்பது, வினா-விடைப் புத்தகம், விளம்பரப் பிரசுரம் போன்ற எழுத்துகளை வைத்துக்கொண்டு நாம் பின்னால் செய்யப் போவது எதுவும் இல்லை. நல்ல துகையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். சொந்தக் கதை வேறு.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, அதை அநேகமாக யாரும் கேட்பதே இல்லை. ஒத்தி. உரிமை மாற்றத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செய்யலாம் என்று பிரிவு 18 சொல்கிறது. மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு ஐந்தோ ஏழோ வருஷத்துக்கு எழுதிக் கொடுப்பது. கெடு முடிந்ததும் வீடு திரும்ப நம் கைக்கு. நம் ஊர் ஒத்தியை விட மேல், கெடு முடியும்போது பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. முதல் பதிப்பகத்திடம் "அதே 40,000, ஏழு வருஷத்துக்கு, அச்சுக்கும் மின்னூலுக்கும் மட்டும்" என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். 25,000 தருவதாகச் சொன்னார்களாம். அந்தப் பேச்சில் ஒரு தகவல் கிடைத்தது: ஏழு வருஷத்துக்குப் பிந்தைய காலமும் மற்ற வடிவங்களும் சேர்ந்து அவர்கள் கணக்கில் 15,000 ரூபாய் பெறும்.

இதற்கிடையில் ஒரு வாட்ஸாப் குழப்பம். அந்தப் பதிப்பாளர் முதல் நாளே "ஓகே டீச்சர், 40க்கு முடிச்சுக்கலாம்" என்று அனுப்பியிருந்தார். டீச்சர் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டிருந்தார். "இது ஒப்பந்தம் ஆயிடுச்சா?" என்று பயம். மின்னணு வழியில் ஒப்பந்தம் உருவாகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 10ஏ அதைச் சொல்கிறது. மின்னஞ்சலில் பேசி முடித்ததையே ஒப்பந்தம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு பாக்சைட் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆக, செய்தியில் 'சரி' என்று தட்டும் முன் யோசிப்பது நல்லது. ஆனால் அந்தக் கும்பிடு சம்மதமா மரியாதையா என்று யார் சொல்வது? எப்படியானாலும் காப்பிரைட் கைமாற எழுத்தும், கொடுப்பவரின் கையெழுத்தும் வேண்டும். கும்பிட்டதால் நாவல் போகாது என்றதும் டீச்சர் இன்னொரு காபி கேட்டார்.

10 சதவீத வாடகை

இரண்டாவது வரைவு மூன்று பக்கம், பார்க்க நியாயமாக இருந்தது. காப்பிரைட் ஆசிரியருக்கு என்று முதல் வரியிலேயே இருக்கிறது. இது உரிமம், அதாவது வாடகை. வீடு நம்முடையது, குடியிருப்பவர் இன்னார், இத்தனை காலம். உரிமமும் எழுத்தில் இருக்க வேண்டும். பிரிவு 19இன் விதிகள் பொருந்துகிற அளவுக்கு இதற்கும் செல்லும் என்று பிரிவு 30ஏ சொல்கிறது.

வாடகைச் சீட்டில் எங்கே இடிக்கும் என்று உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் அந்த 10 சதவீதம். எதில் 10? வரைவில் "நிகர வருவாயில்" என்று இருந்தது. புத்தக விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டை விலையில் 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 40 ரூபாய். கடைக்கு 40 சதவீதக் கழிவு போக மிஞ்சும் 240இல் 10 சதவீதம் என்றால் 24 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் ஒன்றில் 40,000, மற்றதில் 24,000. கிரயத் துகையை எட்ட முதல் கணக்கில் 1000 பிரதி போதும், இரண்டாவதில் கிட்டத்தட்ட 1670 விற்க வேண்டும். 'நிகர' என்ற ஒரே சொல்தான் வித்தியாசம். அதுவும் கழிவு எவ்வளவு என்று நமக்குக் காட்டப்படாதவரை, அந்த நிகரம் அவர்கள் சொல்வதுதான்.

அடுத்தது எனக்கு இன்னும் கசப்பான வரி: "பதிப்பகத்துக்கு வசதியான காலத்தில் நூல் வெளியிடப்படும்." படிக்கச் சாதுவாக இருக்கிறது. சட்டத்தில் ஆசிரியருக்குச் சாதகமாக ஒரு விதி இருக்கிறது: உரிமையைப் பெற்றவர் ஒரு வருஷத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதி. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அந்த விதி நிற்காது. "வசதியான காலம்" என்பது அந்த வேறு விதம்தான் என்று வாதாட இடம் கொடுக்கிறது. ஜனவரி புத்தகக் காட்சிக்கு வரும் என்று இரண்டு மூன்று ஜனவரிகளைப் பார்த்த கையெழுத்துப் பிரதிகள் எத்தனையோ. அந்த வரியை அடித்துவிட்டாலே போதும், புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். மௌனம் நம் பக்கம் பேசும்.

மௌனம் எப்போதும் நமக்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். எப்போது திரும்பி வரும் என்ற இடத்தில் "நூல் அச்சில் இல்லாத நிலையில்" என்று இருந்தது. முன்பு 1000, 1200 பிரதி அச்சடித்து, தீர்ந்தால் அச்சில் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது ஒரு பிரதி கேட்டாலும் ஒரு பிரதி அடித்துக் கொடுக்கிறார்கள். இந்தக் காலத்தில் எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போவதே இல்லை. அதனால் எண்ணில் சொல்ல வேண்டியிருக்கிறது. "தொடர்ந்து இரண்டு அரையாண்டுக் கணக்குகளில் 30 பிரதிக்குக் குறைவாக விற்றிருந்தால் ஆசிரியர் உரிமத்தை முடித்துக்கொள்ளலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். 30 என்பது என் யூகம். பேசி 20க்கும் வரலாம். ஏதோ ஓர் எண் இருக்க வேண்டும்.

பிறகு, "ஆசிரியரின் அடுத்தடுத்த நூல்களை முதலில் இப்பதிப்பகத்துக்கே அளிக்க வேண்டும்" என்று கடைசிப் பக்கத்தில் ஒன்று. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் பிரிவு 27, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் கட்டும் ஒப்பந்தத்தை அந்த அளவுக்குச் செல்லாததாக்குகிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு இதில் பிரபலம். அவருடைய விளம்பர வாய்ப்புகளைப் பார்த்துக்கொண்ட நிறுவனம், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வேறு யாராவது கொடுக்கும் வாய்ப்பை முதலில் தங்களிடம் காட்ட வேண்டும் என்றது. காலம் முடிந்த பிறகு அப்படிக் கட்ட முடியாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, செல்லாதுதானே என்று அந்த வரியை அப்படியே விட்டுவிடலாமா? விடாதீர்கள். செல்லாது என்று நிரூபிக்க ஒரு வழக்கு வேண்டும். அடுத்த நாவலைக் கேட்கும் பதிப்பாளர் அந்த வரியைப் பார்த்துத் தயங்குவதற்கு வழக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. தமிழ்ப் புத்தக ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பிரிவுகளை நினைத்து ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஒப்பந்தம் மீறினால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 73 இருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். ஆனால் வர வேண்டிய ராயல்டி 18,000 ரூபாய் என்றால் வக்கீல் செலவு அதைத் தாண்டிவிடும். கொடுமையான உரிமை மாற்றத்தை ரத்து செய்யும்படி கேட்கும் வழியும் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19ஏயில் உண்டு, ஆனால் ஐந்து வருஷம் ஆகும் முன் ரத்து கிடைக்காது. ஆக, நீதிமன்றம் போகாமல் ஒரு கடிதத்தோடு வெளியேற வைக்கும் பிரிவுதான் கைக்கு உதவும். "அரையாண்டுக் கணக்கு 60 நாளுக்குள் வராவிட்டால், எழுத்தில் நினைவூட்டி 30 நாள் பார்த்தபின் உரிமம் தானாக முடியும்" என்ற ஒரு வாக்கியம், லட்ச ரூபாய் இழப்பீடு என்ற மிரட்டலை விட மதிப்பானது.

வாய்ப்பேச்சில் முடிக்கும் ராயல்டி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நம்ம ஆளுதானே, எதுக்கு எழுத்து?" என்பது நம் பக்கத்தில் சகஜம். சட்டப்படி பார்த்தால் எழுத்து இல்லாமல் காப்பிரைட் போகாது, அதனால் எழுத்தாளருக்கு உடைமை நஷ்டம் இல்லை. நஷ்டம் வேறு இடத்தில். 10 சதவீதம் என்று பேசினோமா, ஏழரையா, எந்த மாசம் தருவதாகச் சொன்னார் என்று பத்து வருஷ நட்பு ஒரு கணக்கில் முறியும். நட்பு இருந்தால்தான் எழுதிக்கொள்வது சுலபம். முறைத்துக்கொண்டபின் யார் எழுதுவார்?

55,000 கட்டி 'இணைந்து' போடுவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 55,000 கட்டினால் 100 பிரதி கையில் கொடுப்பார்கள், மற்ற விற்பனையில் நிகரத்தில் 20 சதவீதம். 100 பிரதியையும் டீச்சரே முழு விலைக்கு விற்றால் 40,000. மிச்சம் 15,000ஐ எடுக்க, பிரதிக்கு 48 ரூபாய் வீதம் பதிப்பகம் இன்னும் 313 பிரதி விற்க வேண்டும். ஆசிரியரின் பணத்திலேயே செலவும் லாபமும் எடுத்துவிட்ட பதிப்பகம் அந்த 313ஐ விற்க எதற்கு ஓடப் போகிறது?

கணக்கை விடுங்கள். வரைவின் ஆறாவது பத்தியில் அச்சு, மின்னூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் பத்து வருஷத்துக்கு அவர்களுக்கு என்று இருந்தது. பணம் கட்டுகிறவர் வாடிக்கையாளர். தையல்காரரிடம் கூலி கொடுத்துச் சட்டை தைத்துவிட்டு, சட்டையையும் அவரிடமே கொடுத்துவிட்டு வருவதா? இந்த வழியில்தான் போக வேண்டும் என்றால் அதை அச்சு வேலைக்கான ஒப்பந்தமாக மட்டும் போட வேண்டும்: இத்தனை பிரதி, இந்தத் தாள், இந்தத் தேதி, உரிமை எதுவும் கிடையாது. அப்படிக் கேட்டபோது மூன்றாமவர் பதில் சொல்லவே இல்லை.

சொந்தக் குடித்தனம்

மகன் சொன்ன வழி. உரிமைப் பக்கத்தில் இதை விடச் சுத்தமான வழி இல்லை, எல்லாம் நம்மிடமே. கணக்குக்காக 300 பிரதி, அச்சுக்கு 130 ரூபாய் வீதம் 39,000; பிழைதிருத்தம், வடிவமைப்பு, அட்டை சேர்த்து 21,000; ஆக 60,000. கடை வழியே 240 ரூபாய் வீதம் போனால் 250 பிரதி விற்றால் முதல் வரும். நேரில் 400க்கு விற்றால் 150 போதும். டீச்சரிடம் படித்தவர்களே கோவில்பட்டியைச் சுற்றி நூறு பேர் வாங்குவார்கள் என்பது மகனின் நம்பிக்கை. மாணவர்கள் ஃபேஸ்புக்கில் வாழ்த்துவார்கள். வாங்குவார்களா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

உரிமைத் தகராறு இந்த வழியில் வேறு வாசலால் வரும். பிழைதிருத்துபவரிடமும் அட்டை செய்பவரிடமும் நாம் இப்போது பதிப்பாளர். கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும், எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டு வாங்கியவரே முதல் உரிமையாளர் என்று பிரிவு 17 சொல்கிறது. எழுத்துக்கு அப்படி இல்லை. காசு கொடுத்து எழுதச் சொன்னாலும், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராக இல்லாதவரை, எழுதியவரே உரிமையாளர். நாளைக்கு நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஒருவரை அமர்த்தினால் அந்த மொழிபெயர்ப்பு அவருடையது, எழுதி வாங்கினால்தான் நம்முடையது. சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023இல் தொடங்கியதிலிருந்து மொழிபெயர்ப்பு உரிமை பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. அதனால் இதைத் தூரத்து விஷயமாக நினைக்க வேண்டாம்.

சில்லறைக் கடமைகளும் உண்டு. புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, யாருக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பிரதி அனுப்புவது பதிப்பாளரின் பொறுப்பு, அதாவது இப்போது டீச்சரின் பொறுப்பு. மின்னூலாக அமேசானின் கிண்டிலில் போட்டால், அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் டிக் அடிக்கும் முன் ஒரு நிமிஷம் நிதானிக்க வேண்டும். 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும், நம் சொந்தத் தளத்தில்கூட, இருக்கக் கூடாது. பொத்தானை அமுக்குவதும் கையெழுத்துதான்.

டீச்சர் எதை எடுத்தார்

நான் இரண்டாவதைச் சொன்னேன், வெட்டுகளோடு. காரணம் சுலபம்: கடை கடையாக ஏறி இறங்கும் உடம்பு டீச்சருக்கு இல்லை, 40,000 உடனே தேவைப்படும் நெருக்கடியும் இல்லை. நெருக்கடி இருந்திருந்தால் 25,000 ரூபாய் ஒத்தியை எடுக்கச் சொல்லியிருப்பேன். விற்கத் தெரிந்த, கூட்டத்துக்குக் கூட்டம் போகிற முப்பது வயதுக்காரர் ஒருவர் இதே மூன்று தாளோடு வந்திருந்தால் சொந்தமாகப் போடச் சொல்லியிருப்பேன். முழுக் கிரயத்தை இந்த நாவலுக்கு யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

பேச்சு ஸ்பீக்கரில் நடந்தது. "டீச்சர், இதெல்லாம் பெரிய எழுத்தாளர்களே கேட்டதில்லை" என்றார் இரண்டாவது பதிப்பாளர். "அவங்க கேக்காதது என் தப்பாப்பா?" என்றார் டீச்சர், பள்ளிக்கூடக் குரலில். அரை மணி நேரத்தில் அட்டை விலையில் எட்டரை சதவீதம், ஐந்து வருஷம், இந்தியப் பதிப்பு என்று வந்து நின்றது. இலங்கைப் பதிப்புக்குத் தனியாக யாராவது கேட்டால் டீச்சரே பேசிக்கொள்ளலாம். "வசதியான காலத்தில்" அடிபட்டது. அடுத்த நூல் பிரிவு அடிபட்டது. வெளியேறும் பிரிவில் 30ஐ 20 ஆக்கினார்கள். ஒலிநூலை மட்டும் அவர் விடவில்லை, டீச்சரும் விடவில்லை. கடைசியில் அந்தப் பத்தியில் 'ஒலி' என்ற சொல்லின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டார்கள். டீச்சர் சிவப்பு மையில் போட்டிருக்கிறார், பழக்க தோஷம்.